மெயில் திருடனைப் பிடிச்ச மேனேஜர்

அந்தச் சன்னலைச் சித்த இழுத்து விடுங்க தம்பி, காத்துல என்ர பொன்னாடை உங்க மூஞ்சியில வந்து அடிக்குது. ஆமாங்க, பொன்னாடைதான். நேத்துப் போட்டாங்க. காலையில பஸ்ஸுக்குக் கிளம்பறப்ப என்ர ஊட்டுக்காரி, "அதை எதுக்குங்க தோள்ல போட்டுட்டுப் போறீங்க, பாக்கறவங்க சிரிப்பாங்க"ன்னா. சிரிச்சாச் சிரிக்கட்டும், எதுக்குப் போட்டாங்கன்னு யாராவது ஒருத்தராவது கேப்பாங்கல்ல? நீங்க கேக்கலை. பரவால்லீங்க, நானே சொல்றேன். கோயமுத்தூர் போய்ச் சேர நேரமிருக்கு.

மெயில் திருடனைப் பிடிச்சதுக்குங்க. தபால் இல்லீங்க, கம்ப்யூட்டர் மெயிலு.

என்ர பேரு நாச்சிமுத்து. கரூர்ல எங்க மாப்ள தங்கவேலு, என்ர தங்கச்சியக் கட்டுனவரு, எக்ஸ்போர்ட் கம்பெனி வெச்சிருக்காரு. ஏப்ரன், மேஜை விரிப்பு, அடுப்புல இருந்து சூடாப் பாத்திரம் எடுக்கறப்பக் கைக்கு மாட்டற உறை, இதெல்லாம் தெச்சு வெளிநாட்டுக்கு அனுப்பறமுங்க. நான் மேனேஜர். ஆரம்பத்துல இருந்தே மேனேஜர். என்ன மேனேஜர்னு கேக்காதீங்க, எல்லாத்துக்கும் மேனேஜர்.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னுங்க, ஆபீசுல எல்லாம் கம்ப்யூட்டர் ஆனதுல இருந்து யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்றதில்லீங்க. முன்னெல்லாம் ஃபேக்ஸ் வருமில்ல, அதை நான்தான் கிழிச்சு எடுத்துட்டு மாப்ள ரூமுக்குப் போவேன். போற வழியிலயே கட்டிங் மாஸ்டர்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் விசயத்தைச் சொல்லிருவேன். மாப்ளைக்குத்தான் கடைசியாத் தெரியும். அது ஒரு காலமுங்க. மெயில் வந்தப்பறம் அவங்கவங்க பொட்டியில அவங்கவங்களுக்கு வருது, அவங்களே படிச்சுக்கறாங்க. நான் பாட்டுக்கு டீசல் பில்லுல கையெழுத்துப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். மனசுக்கு நெம்பக் கஷ்டமா இருந்துச்சு.

நான் விடுவனா? கம்ப்யூட்டர் மாட்ட வந்தவருகிட்ட, "நான் மேனேஜருங்க, ஆபீசுக்கு வர்ற மெயில் அத்தனையும் எனக்குந் தெரிஞ்சாகணும்"னு சொல்லிப்போட்டேன். அவரு என்னமோ டொக்கு டொக்குன்னு தட்டுனாரு. அன்னையிலிருந்து எல்லாரோட மெயிலும் எனக்கு வந்துரும். எப்படி வருதுன்னு எல்லாம் நமக்கு எதுக்குங்க? போன்ல ஒரு கவர் படம் இருக்குமில்ல, அதைத் தொட்டா வந்து நிக்கும். போனை மாத்துனாலும் கடைக்காரரே அதைப் புதுப் போனுக்கு மாத்திக் குடுத்துருவாரு. மேனேஜர்னா வரத்தானே செய்யும்.

சாப்புட்டுப்போட்டு உக்காந்து ஒவ்வொண்ணாப் படிப்பேன். இங்கிலீசு எனக்கு முக்கால்வாசி புரியும், மீதியை நானே சேத்துக்குவேன். யாரு லீவு கேட்டிருக்காங்க, யாருக்கு யாரு மேல வருத்தம், எல்லாம் அத்துபடி. எதுக்குப் படிக்கறேன்? ஒரு அக்கறைதானுங்க.

கலாமணின்னு ஒரு புள்ள. பையர்கூட எல்லாம் மெயில்ல பேசறது அவதான். வெளிநாட்டுல துணி வாங்கறவங்களைத்தான் பையர்னு சொல்லுவமுங்க. கெட்டிக்காரப் புள்ள. அவளுக்குத் திருப்பூர்ல ஒரு கம்பெனியில இருந்து இன்டர்வியூவுக்குக் கூப்புட்டு மெயில் வந்துச்சு. நான் மறுநாள் டீ நேரத்துல எல்லாரு முன்னாடியும் சந்தோசமாக் கேட்டேன், "என்ன கலாமணி, திருப்பூர் வேலையில எப்பச் சேர்றே?"ன்னு. சொந்தப் புள்ள மாதிரி நெனச்சுக் கேட்டதுங்க. அவ மொகம் செவந்து போச்சு. அந்த வேலைக்கும் போகலை. அதுல இருந்து எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசறதில்லை. அவ மட்டுமில்லீங்க, நான் ரூமுக்குள்ள போனாலே பேச்சு நின்னு போயிரும். யாரும் பேசாததுனால நான் மெயிலை இன்னுங் கவனமாப் படிக்க வேண்டியதாப் போச்சு. வேற வழி?

இப்படி இருக்கறப்பத்தான் டென்மார்க் பையர் கிட்ட இருந்து இடி மாதிரி ஒரு சேதி. "உங்க கலாமணி பேர்ல புது டிசைன்னு ஒரு மெயில் வந்துச்சு, தொறந்து பாத்தோம், எங்க கம்ப்யூட்டரெல்லாம் முடங்கிப் போச்சு. உங்க மெயில்ல இருக்கற ஓட்டையெல்லாம் அடைச்சு, அடைச்சதுக்கு அத்தாட்சி காட்டுங்க. இல்லீன்னா கிறிஸ்துமஸ் ஆர்டர் உங்களுக்கு இல்லை"ன்னுட்டாங்க. டென்மார்க் ஆர்டருதானுங்க எங்களுக்குச் சோறு. அது இல்லீன்னா தையல் செக்சன்ல பாதிப் பேரை ஊட்டுக்கு அனுப்பணும்.

ஆபீசே கலாமணியத்தான் பாத்துச்சு. அவ பேர்ல போயிருக்கே. அவ, "நான் அனுப்பலீங்கய்யா, சத்தியமா நான் அனுப்பலை"ன்னு அழுகறா. நானும் சும்மா இருக்கலை, "திருப்பூர்காரங்க பண்ணச் சொல்லியிருப்பாங்களோ?"ன்னு ஒரு ரோசனையச் சொன்னேன். மேனேஜர் எல்லாப் பக்கமும் ரோசிக்கணுமில்ல.

மாப்ள கோயமுத்தூர்ல இருந்து ரெஜினான்னு ஒரு புள்ளையக் கூட்டிட்டு வந்தாரு. கம்பெனிகளோட மெயிலுக்குப் பூட்டுப் போடறதுதான் அதுக்குத் தொழிலாம். சின்னப் புள்ள, வாய் நிறையச் சிரிப்பு. நான் முன்னாடி போயி, "நான்தான் மேனேஜர், மெயிலெல்லாம் என் பொறுப்பு, எது வேணும்னாலும் எங்கிட்டக் கேளு கண்ணு"ன்னேன். "ரொம்ப நல்லதுங்க அங்கிள், உங்ககிட்ட இருந்தே ஆரம்பிக்கலாம்"னுச்சு. பாத்தீங்களா, வந்த ஒடனே ஆளைக் கண்டுபிடிச்சுருச்சு.

மொதல்ல என்ன சொல்லுச்சுன்னா, எங்க கம்பெனி பேரைப் போட்டு உலகத்துல யாரு வேணும்னாலும் மெயில் அனுப்பலாமாம். நம்ம லெட்டர்பேடை வேற எவனோ அச்சடிச்சு வெச்சுக்கற மாதிரி. அதைத் தடுக்கறதுக்குக் காவல் ஒண்ணு இருக்குதாம். அதை எங்களுக்கும் போட்டுத்தான் வெச்சிருக்காங்க. ஆனா எப்படி? "யாரு வந்தாலும் தடுக்காதே, சும்மா பாத்துக்கோ"ன்னு சொல்லி உக்கார வெச்சிருக்காங்க. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். எங்க வாட்ச்மேனும் அப்படித்தானுங்க.

"அப்ப இன்னைக்கே தடுக்கச் சொல்லு கண்ணு"ன்னேன். "அவசரப்பட்டா நம்ம மெயிலே திரும்பி வந்துரும் அங்கிள். நம்ம பேர்ல நியாயமா அனுப்பறவங்க யாரு யாருன்னு மொதல்ல எடுக்கணும்"னுச்சு. எடுத்தா, சரக்குக் கப்பல் ஏறுன விவரம் அனுப்பற மிசினு ஒண்ணு, பில்லு போடற மிசினு ஒண்ணு, எல்லாம் நம்ம பேர்லதான் அனுப்பிட்டு இருக்குது. அதையெல்லாம் நம்மாளுன்னு பதிஞ்சுட்டு, அப்பறம் கொஞ்சங் கொஞ்சமாக் காவலை இறுக்குச்சு. இப்ப வேத்தாளு நம்ம பேர்ல அனுப்புனா வாங்கறவங்களே தூக்கிப் போட்டுருவாங்களாம்.

அப்பறம் பாஸ்வேர்டு. எங்க ஆபீசுல அத்தனை பேருக்கும் ஒரே பாஸ்வேர்டுங்க, எங்க குலசாமி பேரு. நான்தான் வெச்சேன். சாமி பேரைத் தெனமும் எல்லாரும் ஒரு தடவை அடிச்சா நல்லதுதானே? ரெஜினா ரோமன் கத்தோலிக்கப் புள்ள, அதுனால அதுக்குப் புரியலையோன்னு நெனச்சு எங்க சாமியோட சக்தியெல்லாம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "சாமி இருக்கட்டும் அங்கிள், பாஸ்வேர்டை மாத்திரலாம்"னுச்சு. வேலைய விட்டுப் போயி பேக்கரி வெச்சிருக்கறானே சம்பத்து, அவன் மெயில் கூட இன்னும் உசுரோட இருந்துச்சுங்க. பன்னுத் தின்னுட்டே எங்க ஆர்டரையெல்லாம் படிச்சிருக்கலாம். அதையும் மூடுச்சு.

பொறகு வந்தா ஓடிபி. மெயிலுக்குள்ள போகறதுக்கு ஒரு நம்பர் வருமில்ல. அத்தனை பேருக்கும் வர்ற நம்பரு என் போனுக்குத்தான் வரும். மேனேஜருக்குத் தெரியாம யாரும் உள்ள போகக் கூடாதுன்னு நான் பண்ணுன ஏற்பாடு. எல்லாரும் எனக்குப் போன் போடுவாங்க, "அண்ணா, ஓடிபி"ம்பாங்க, நான் சொல்லுவேன். அந்த ஒரு நிமிசமாவது எங்கிட்டப் பேசித்தானே ஆகணும்? கல்யாண ஊட்டுல இருந்தாலும் சொல்லுவேன், கோயில்ல இருந்தாலும் சொல்லுவேன். ஒரு தடவை யாரோ போன் பண்ணி, "கலாமணி பேசறேன், ஓடிபி சொல்லுங்க"ன்னாங்க. ஆம்பளைக் குரலு. பாவம் புள்ளைக்குச் சளி கட்டியிருக்குதாட்டம்னு நெனச்சு, ஓடிபியச் சொல்லிப்போட்டு, "சுக்குத் தண்ணி குடி கண்ணு"ன்னு சொல்லி வெச்சேன்.

இதை ரெஜினா கிட்டப் பெருமையாச் சொன்னனுங்க. அது அப்படியே தலையில கைய வெச்சு உக்காந்துருச்சு. அசந்து போச்சு போல. "எப்பங்க அங்கிள் அது?"ன்னுச்சு. டென்மார்க்குக்கு மெயில் போறதுக்கு முந்தின நாளுன்னு சொன்னேன். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கம்பம் நட்ட அன்னைக்கு, அதனால நல்லா ஞாபகம். ரெஜினா எந்திரிச்சு நேரா கலாமணி மேஜைக்குப் போச்சு. அவ தோள்ல கைய வெச்சு, "நீங்க இல்லீங்க. நிச்சயமா நீங்க இல்லை"ன்னுச்சு. கலாமணி ஓன்னு அழுதா. எனக்கும் கண்ணு கலங்கிப் போச்சு. ஆனா எப்படிக் கண்டுபிடிச்சுச்சுன்னுதான் தெரியலை. நான் சளி விசயத்தைச் சொல்லிட்டிருந்தேன், அது பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருச்சு.

சிரிக்கறீங்களே. இருங்க, நல்ல எடமே இனித்தான் வருது.

அடுத்த நாள் ரெஜினா எல்லாரையும் கூப்புட்டு ஒக்கார வெச்சுச்சு. மொகம் ஒரு மாதிரி இருந்துச்சு. "உங்க ஆபீசுக்கு வர்ற ஒவ்வொரு மெயிலும், போற ஒவ்வொரு மெயிலும், ஒரு நகல் வெளிய ஒரு மெயில் ஐடிக்குப் போயிட்டு இருக்குது. வருசக் கணக்காப் போயிட்டு இருக்குது"ன்னுச்சு. வருசக் கணக்கா! எந்தப் படுபாவி இப்படி ஒக்காந்து ஊரான் மெயிலைப் படிப்பான்? அவனுக்கு வேற சோலி இல்லையா? எந்திரிச்சு நின்னு கத்திப்போட்டேன், "அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்"னு.

நான்தானுங்க தேடறதுக்குத் தலைமை. வாட்ச்மேனைக் கேட்டைச் சாத்தச் சொன்னேன். ஒவ்வொருத்தரு மேஜைக்கும் போயி, "நீயா? நீயா?"ன்னு கேட்டேன். தண்ணி கேன் போடறவனைக் கூட விடலை. மாப்ள கிட்ட, "போலீசுக்குப் போகலாம் மாப்ள, நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன்"னேன். மாப்ளையும் சரின்னுட்டாரு. வண்டியெல்லாம் எடுத்தாச்சு.

அப்பத்தான் கேட்டேன், "அந்தத் திருட்டு ஐடி என்ன பேருல இருக்குது கண்ணு?"ன்னு. ரெஜினா படிச்சுச்சு. லயன்னு ஆரம்பிச்சு நாலு நம்பரு, நாலு ஏழு நாலு ஏழு. லயன்னா சிங்கமுங்க, அப்ப நெம்பத் திமிர் புடிச்ச கும்பலாத்தான் இருக்கணும். அந்த நம்பரைக் கேட்டதும் மாப்ள கையப் புடிச்சுட்டேன். "மாப்ள, இது என்ர பழைய மொபெட்டு நம்பராச்சே! எவனோ என்னைய மாட்டி விடறதுக்குன்னே பண்ணியிருக்கான்"னேன்.

ஆபீசே திரும்பி என்னையப் பாத்துச்சு.

ரெஜினா மெதுவா வந்து, "அங்கிள், உங்க போனை ஒரு நிமிசம் குடுங்க"ன்னுச்சு. குடுத்தேன். பாத்துச்சு. பாத்துட்டு மாப்ள கிட்டக் காட்டுச்சு. மாப்ள பாத்துட்டு அப்படியே மேஜை மேல கவுந்து படுத்துட்டாரு. தோளு ரெண்டும் குலுங்குது. கம்பெனி போச்சேன்னு மனுசன் அழுகறாரு, எனக்குப் பொறுக்கலை. முதுகைத் தடவிக் குடுத்து, "விடுங்க மாப்ள, நான் இருக்கறேன், எவன் வந்தாலும் ஒரு கை பாத்துக்கலாம்"னேன். அப்பறம் இன்னும் சாஸ்தியாக் குலுங்குனாரு. கலாமணி வாயைப் பொத்திட்டு வெளிய ஓடிப் போயிட்டா. அவளுக்கும் துக்கம் தாங்கலை போல.

கொஞ்ச நேரங் கழிச்சு மாப்ள நிமுந்தாரு, கண்ணெல்லாம் தண்ணி. "மச்சான், போலீசெல்லாம் வேண்டாம். திருடன் யாருன்னு தெரிஞ்சு போச்சு. நம்ம ரெஜினா இப்பவே அவன் வழிய அடைச்சுருவாங்க. அவனும் நல்லவன்தான், தெரியாமப் பண்ணிப்போட்டான், மன்னிச்சு விட்டரலாம்"னாரு. எங்க மாப்ள மனசு அப்படிங்க. எனக்குத்தான் ஆறலை. "யாருன்னாவது சொல்லுங்க"ன்னேன். "வேண்டாம் மச்சான், உங்களால தாங்க முடியாது"ன்னுட்டாரு. இன்ன வரைக்கும் சொல்லலை. எனக்கு அந்தப் பேக்கரிச் சம்பத்து மேலதான் சந்தேகம்.

ரெஜினா ரெண்டு தட்டுத் தட்டுச்சு. இனிமே ஆபீசு மெயிலு எதுவும் தானா வெளிய போகாதாம். ஓடிபியும் அவங்கவங்க போனுக்கே போயிரும். எல்லா அத்தாட்சியும் டென்மார்க்குக்கு அனுப்பிச்சாங்க. அங்கிருந்து ஆளுங்க கம்ப்யூட்டர்லயே பரிசோதனை பண்ணாங்க. முந்தாநேத்து ஆர்டர் கன்பார்ம். தையல் செக்சன்ல விசில் பறந்துச்சுங்க. நேத்து எல்லாருக்கும் மைசூர்பாகு. மாப்ள என்னைய முன்னாடி நிறுத்தி, "மச்சான் இல்லீன்னா இந்தத் திருடனைக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது"ன்னு சொல்லி இந்தப் பொன்னாடையப் போட்டாரு. அத்தனை பேரும் கை தட்டுனாங்க. கலாமணி சத்தமாத் தட்டுனா. தட்டிட்டு வந்து, "நீங்க மட்டும் அந்தச் சளி விசயத்தை வாய் விட்டுச் சொல்லலைன்னா, எம் பேரு கெட்டே போயிருக்குமுங்கண்ணா"ன்னா. எனக்கு ஒண்ணும் புரியலை, ஆனா சந்தோசமா இருந்துச்சு.

நானா? சிங்காநல்லூர்ல இறங்கி ஒரு பெரிய போன் கடைக்குப் போறனுங்க. அந்தத் திருடன் போற போக்குல என்ர போனைக் கெடுத்துட்டுப் போயிட்டான். ரெஜினா அடைச்ச அன்னையிலிருந்து இதுல ஒரு மெயிலு வர்றதில்லை. ஒண்ணே ஒண்ணுங்க, ஒண்ணே ஒண்ணு கூட வர்றதில்லை. கரூர்ல ரெண்டு கடையில காமிச்சேன், போன் நல்லாத்தான் இருக்குதுங்கறாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்.

மொதல் ரெண்டு நாளு எனக்குக் கையொடிஞ்ச மாதிரி இருந்துச்சு. ஆபீசுல என்ன நடக்குதுன்னே தெரியலை. தாங்க முடியாம எந்திரிச்சு, ஒவ்வொருத்தரு மேஜையா நானே போயி நின்னேன். "என்ன கண்ணு சேதி?"ன்னேன். மொதல்ல முழிச்சாங்க. அப்பறம் பேக்கிங் பையன் அவன் கொழந்தை நடக்குதுன்னு சொன்னான். அக்கவுண்ட்ஸ் புள்ள அவங்கம்மாவுக்குக் கண் ஆபரேசன்னு சொல்லுச்சு. இதெல்லாம் மெயில்ல வர்றதில்லீங்க! இத்தனை வருசம் படிச்சேன், ஒரு நாளும் வந்ததில்லை. முந்தாநேத்து நான் ரூமுக்குள்ள போறேன், பேச்சு நிக்கவே இல்லை. என்னைய நடுவுல வெச்சுட்டே பேசறாங்க. நின்னுட்டே இருந்தேன், ஒக்காரக் கூடத் தோணலை.

சித்த இருங்க தம்பி, போன் அடிக்குது.

சொல்லு கண்ணு. ஆமா, பஸ்ஸுல இருக்கறேன். அப்படியா? யாரு, டென்மார்க்லிருந்தா? என்ன சொல்றாங்க? சரி, சரி. இல்லை கண்ணு, நேர்ல சொல்லு. வெய்யி.

கலாமணிங்க. அந்த டென்மார்க் பையர் அம்மாவே கைப்பட ஒரு மெயில் எழுதியிருக்குதாம். பதினோரு மணி டீக்கு வந்தாப் படிச்சுக் காட்டறாளாம். "நீங்க இல்லாம எப்படிங்கண்ணா படிக்கறது, எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கறோம்"ங்கறா. என்னையவா? எனக்காகவா?

இது எந்த ஊருங்க, வெள்ளக்கோயிலா? அப்ப நான் எறங்கிக்கறேன். கண்டக்டரே, சித்த நிறுத்துங்க. எதுத்தாப்புல கரூர் வண்டி வரும், அதுல ஏறுனா டீக்குப் போயிரலாம்.

போனா? அட போங்க தம்பி. இதைப் போயி ரிப்பேர் பண்ணிட்டா மறுக்கா எல்லாம் இதுக்குள்ளயே வந்துருமில்ல. அப்பறம் என்னைய யாரு கூப்புட்டுச் சொல்லுவாங்க?